வீடு முழுக்க உண்ணி, கூடவே பூனையும் இருக்கு: என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் வணக்கம். எங்க நாட்டு நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். சோறு தொடல, ஈறு வெளுத்துடுச்சு, ரத்தத்துல தட்டணு ரொம்பக் குறைவு. எர்லிக்கியான்னு உண்ணி பரப்புற ஒரு கிருமின்னு சொல்லி டாக்டர் 28 நாளைக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தார். இப்ப தயிர்சாதம் கேட்டு அதட்டுது, அதனால அதுல கவலை இல்ல.

கவலை வீட்டைப் பத்திதான். உண்ணி நாய் மேல இருக்கிறதைவிட சுவர் வெடிப்புலயும் கட்டில் இடுக்குலயும்தான் அதிக நாள் கிடக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும். கடைக்காரர் பெர்மெத்ரின்ங்கிற பூச்சிமருந்து ஸ்ப்ரேயை நீட்டுறார். பூனைக்கு அது விஷம், வலிப்பு வந்து உயிரே போகலாம். எங்க பூனையோ நாய் மேலதான் தூங்கும், நக்கியும் விடும். அத்தை வேப்பெண்ணெய் தடவச் சொல்றாங்க, அதையும் நக்குமே!

ரெண்டையும் சேர்த்து வளர்க்கிறவங்க சொல்லுங்க: வெடிப்பைச் சிமென்ட் வச்சு அடைச்சதே போதுமா, இல்ல மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டீங்களா? அப்போ பூனையை எத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க? மருந்துப் பேரையும் போடுங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் வாங்குவேன். மண்ணெண்ணெய் தடவுற யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.