திருமலையில் (திருகோணமலை) சொந்தப் போட் எடுத்தவங்க, எஞ்சின் வலு விஷயத்தில உங்கட அனுபவத்தைச் சொல்லுங்க

உப்புவெளியான்:

18 அடி பைபர் போட் ஒண்டு விலைக்கு வந்தது. தொழிலுக்கில்லை. வீட்டாக்களோட கடலில ஓட, லீவு நாளில புறாமலைத் தீவுப் பக்கம் போய்வர, விடியக்காத்தால தூண்டில் போட. எஞ்சின் 25 குதிரைவலு. விற்கிறவர் என்னை மட்டும் ஏத்திக்கொண்டு ஓடிக் காட்டினார். அணியம் (முன்பக்கம்) கொஞ்சம் தூக்கி, உடனயே சமமாகி, பறந்துதான் போச்சு. கரையில நிண்டு பார்த்த மாமா, முந்தித் தண்டையலா (போட் ஓட்டுறவரா) இருந்தவர், ஒண்டே ஒண்டுதான் கேட்டார்: "தம்பி, ரெண்டு பேருக்கோ போட் எடுக்கிறாய்?"

பின்னேரம் வீட்டுச் சனத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் போனம். வளர்ந்த ஆக்கள் ஆறு பேர், ஐஸ் பெட்டி, நங்கூரம், லைஃப் ஜாக்கெட், நிறைஞ்ச டாங்கி. விற்கிறவருக்கு முகம் கறுத்துட்டுது, ஆனா மாமா விடேல்ல. இந்த முறை அணியம் வானத்தைப் பார்த்தபடி நிண்டுட்டுது. பின்பக்கம் தாழ்ந்து, பின்னால ஒரு பெரிய அலையை இழுத்துக்கொண்டு, எஞ்சின் கத்தக் கத்த ஊர்ந்தது. கடைசி வரைக்கும் சமமாகேல்ல. கச்சான் காத்து வேற. அது நிலத்தில இருந்து கடலுக்குத்தானே அடிக்கும். போகேக்க தள்ளிவிட்ட காத்து, திரும்பேக்க முகத்தில அறைஞ்சுது.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தன். போட் 250 கிலோ, எஞ்சின் 55, ஆறு பேர் 420, 40 லீற்றர் பெற்றோல் 30, சாமான் 60. மொத்தம் 815. ஒரு குதிரைவலுவுக்கு 33 கிலோ விழுது. காலையில ரெண்டு பேரோட ஓடேக்க 20 கிலோதான். அதே ஆறு பேரோட 40 எஞ்சின் எண்டா, எஞ்சின் 20 கிலோ கூடினாலும் 21தான் வரும். காலையில நான் பார்த்த ஓட்டம் எங்கட குடும்பத்துக்கு வேணுமெண்டா 40 வேணும் எண்டுதான் நான் நினைக்கிறன். மற்றவங்க என்ன சொல்றீங்க?

கிண்ணியா கடற்கரை:

எல்லாருக்கும் நாற்பது வேணுமெண்டில்லை தம்பி. எங்கட போட் தம்பலகாமக் குடாவை விட்டு வெளியால போறதில்லை. 9.9 எஞ்சின், நாலு பேர், மெதுவாப் போவம், மெதுவா வருவம். அங்க வேகம் என்னத்துக்கு? வெளிக்கடலுக்கு அத நான் கொண்டு போகமாட்டன், அது வேற கதை.

போர்க்காலத்தில பெரிய எஞ்சின் வைச்சிருக்க விடாத நேரம் இருந்தது. அதால எங்கட பக்கத்துப் பழைய ஆக்கள் இப்பவும் சின்ன எஞ்சினைத்தான் மனசில வைச்சுப் பேசுறாங்க. அவங்கட சொல்லைக் கேக்கேக்க இதையும் யோசிங்க.

எஞ்சின் திருத்துறவன்:

உங்கட மாமா கெட்டிக்காரர். நான் பார்க்கிற எஞ்சின்களில கனக்க, வலு குறைஞ்சதை நாள் முழுக்க முழுத் திரொட்டிலில விரட்டினதாலதான் என்னட்ட வருது.

ஏன் சமமாகேல்ல எண்டு கேட்டா, 18 அடிப் போட் தண்ணியைப் பிளந்துகொண்டு போற வரைக்கும் மணிக்கு 10, 11 கிலோமீற்றரோட மல்லுக்கட்டத் தொடங்கிடும். அதுக்கு மேல போக, தான் கிளப்பின அலையிலயே ஏறிக் கடக்க வேணும். வலு காணாட்டி ஏறாது. ஏறாம நிண்டபடி பெற்றோலை மட்டும் குடிக்கும். முழுத் திரொட்டிலில 10 குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 4 லீற்றர் எண்டு வைச்சுக்கொள்ளுங்க, பழைய ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் அதை விடக் கூடவே குடிக்கும். 25 எஞ்சின் 10 லீற்றரைக் குடிச்சு 12 கிலோமீற்றர் ஊர்ந்தா என்ன லாபம்? 40 எஞ்சின் மேல எழும்பினாப் பிறகு திரொட்டிலைக் குறைச்சு, அதே 10 லீற்றருக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தூரம் போயிடும். சின்ன எஞ்சின் மலிவு எண்டுறது வாங்குற அண்டைக்கு மட்டும்தான்.

புரொப்பெல்லரை ஒருத்தரும் கேக்கிறதில்லை. ஆக்களை ஏத்தி முழுசா முறுக்கேக்க, எஞ்சின் புத்தகத்தில போட்டிருக்கிற அதிகபட்சச் சுழற்சிக்குள்ள வருதா எண்டு மீற்றர் வைச்சுப் பாருங்க. எட்டாட்டி பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னால தள்ளுற தூரம்) குறைஞ்ச புரொப்பெல்லர் போடலாம். பிட்ச் ஒரு அங்குலம் குறைஞ்சா நிமிஷத்துக்கு 150, 200 சுத்து கூடும். 30, 35 குதிரைவலுவில தடுமாறுற போட்டுக்கு இது உதவும். உங்கட 25க்கு உதவாது.

மண்ணெண்ணெய் எஞ்சின் மலிவா வந்தாலும், போட்டிருக்கிற இலக்கத்தைப் பார்த்து ஏமாறாதீங்க, பெற்றோலில வாற இழுவை அதில வராது. 2022 ஓகஸ்ட்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340க்குப் போனது தெரியும்தானே. பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி, சூடானாப் பிறகு மாத்தி, நிப்பாட்ட முந்தித் திரும்பவும் பெற்றோலுக்கு மாத்துற வேலையை லீவு நாளில ஆர் பார்க்கிறது?

ஸ்காபரோவில இருந்து:

பிறந்தது திருமலை. இப்ப கனடாவில லேக் சிம்கோ ஏரியில சின்னப் போட் ஓடுறன். இங்க வெளியெஞ்சின் பூட்டுற சின்னப் போட்டில ஒரு தகடு இருக்கும்: எத்தனை பேர், எத்தனை கிலோ, ஆகக் கூடின குதிரைவலு எவ்வளவு எண்டு. அதுக்கு மேல பூட்டக் கூடாது. அந்த அளவின்ர முக்கால்வாசிக்குக் கீழ இறங்காம எடுத்தா நல்லம் எண்டுதான் இங்க போட்காரர் பேசுவாங்க. ஊரில வாங்கிற பைபர் போட்டில தகடு இல்லாட்டி, கட்டினவரிட்டயே கேளுங்க.

கணக்கு விருப்பமெண்டா, மொத்தப் பாரத்தை இறாத்தலாக்கி குதிரைவலுவால பிரிச்சு, வர்க்கமூலம் எடுத்து, 150ஐ அதால பிரிச்சா மணிக்கு எத்தனை மைல் எண்டு ஏறத்தாழ வரும். அண்ணா தந்த பாரத்துக்கு 25 எண்டா 28 கிலோமீற்றர், 40 எண்டா 36, 60 எண்டா 43. 25க்கு வாற 28 கடதாசியில மட்டும்தான், போட் மேல எழும்பினாத்தான் அந்தக் கணக்குச் சரி. 60ஐப் பாருங்க, 20 குதிரைவலு கூட்டி ஏழு கிலோமீற்றர்தான் கிடைக்குது. அதுக்காகப் பின்பக்கத்தில பாரத்தைக் கூட்டி, எஞ்சின் பூட்டுற பின் பலகையை வெடிக்க வைக்கிறது விசர் வேலை.

நிலாவெளிப் பெடியன்:

இங்க கரையில இருந்து புறாமலை ஒரு கிலோமீற்றர் அளவுதான், 15 எஞ்சினே காணும். பவளப்பாறைக்குப் பக்கத்தில எப்பிடியும் வேகத்தைக் குறைக்கத்தான் வேணும். ஆனா உப்புவெளியில இருந்து வாறதெண்டா கதை வேற. அதோட திமிங்கிலம் பார்க்கிற ஆசையும் இருக்கெண்டா 40க்குக் குறைய யோசிக்காதீங்க அண்ணா. கொட்டியாரக் குடாவில இருந்து கடலடியில பெரிய பள்ளத்தாக்கு ஒண்டு வெளியால ஓடுது, அதாலதான் திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருது. கோணேசர் மலை சின்னனாத் தெரியிற தூரத்துக்குப் போயிட்டு, காத்து ஏறினாப் பிறகு 25 எஞ்சினோட ஆறு பேர் திரும்பி வாறதை நினைச்சுப் பாருங்க.

உப்புவெளியான்:

எல்லாருக்கும் நன்றி. விற்கிறவர் 25ஐக் கழட்டிப்போட்டு போட்டை மட்டும் தாறன் எண்டு இறங்கி வந்திருக்கிறார். கட்டினவரும் 40 தாங்கும் எண்டு சொன்னார். ஆனா பழைய போட், பின் பலகைக்குள்ள மரம் உக்கியிருக்கோ எண்டு தட்டிப் பார்க்க வேணும் எண்டு மாமா நிக்கிறார். சனிக்கிழமை சுத்தியலும் அளவுநாடாவும் கொண்டு போறம். பலகை உயரம் 15 அங்குலமா 20 அங்குலமா எண்டு பார்த்துச் சொல்றன், குட்டைச் சாஃப்ட் எஞ்சினா நீளச் சாஃப்ட் எஞ்சினா வேணுமெண்டு அதிலதான் தெரியும். பொருந்துற 40 ஆரிட்டயாவது விலைக்கு இருந்தா அதுக்குப் பிறகு பேசுவம்.