ரிசெப்டர் டிஎன்ஏ செல்லுலோஸ்ல ஒட்டவே மாட்டேங்குது, அவசர உதவி

தேயிலைத்தளிர்: எலி ஈரல் சைட்டோசால்ல (செல்லுக்குள்ள இருக்கிற சாறு) இருந்து குளுக்கோகார்ட்டிகாய்டு ரிசெப்டர், அதாவது அந்த ஸ்டீராய்டு ஹார்மோன் வந்து ஒட்டுற புரோட்டீனைப் பிரிக்கிறேன். கதிரியக்க டிரிஷியம் ஏத்தின டெக்ஸாமெத்தசோன் (செயற்கை ஸ்டீராய்டு) போட்டு, ரிசெப்டர் டிஎன்ஏல ஒட்டுற மாதிரி ஆக்டிவேட் பண்ணி, டிஎன்ஏ செல்லுலோஸ் நிரப்பின காலம்ல (குழாய்) விட்டா அத்தனை கதிரியக்கக் கவுன்ட்டும் கழுவுறப்பவே வெளியே வந்துடுது. மூணு தடவை ஆச்சு. புரோட்டோகால்ல இருக்கிறபடிதான் எல்லாமே செஞ்சேன். வெள்ளிக்கிழமை கைடுகிட்ட காட்டணும். ப்ளீஸ்.

பஃபர்பாண்டி: "எல்லாமே"ன்னா எதெல்லாம்? மாலிப்டேட் உண்டா? பஃபர் என்ன?

கோத்தகிரிக்காரன்: கரித்தூள் போட்டு ஒட்டாத ஸ்டீராய்டை எடுத்தீங்களா? எடுக்கலன்னா வெளியே வர்றது வெறும் டெக்ஸாவா இருக்கும்.

பழையகை: தம்பி, அட்ரினல் சுரப்பி எடுத்த எலியா? எடுக்கலன்னா அதோட சொந்த ஹார்மோன் கார்ட்டிகோஸ்டிரோனே ரிசெப்டர்ல உட்கார்ந்திருக்கும். இதைக்கூடவா நாங்க சொல்லித் தரணும்? இப்ப வர்ற பசங்க கிட் இருந்தாத்தான் கை நீட்டுறாங்க.

தேயிலைத்தளிர்: தம்பி இல்ல சார், தங்கச்சி. அட்ரினல் எடுத்த எலிதான். கரி போட்டாச்சு, அதுக்கப்புறமும் கவுன்ட் நல்லாவே இருக்கு. மாலிப்டேட் போடல. பஃபர் டிரிஸ், பிஹெச் 7.4.

பஃபர்பாண்டி: போடாததே நல்லது. மாலிப்டேட் இருந்தா ஹெச்எஸ்பி 90ங்கிற துணைப் புரோட்டீன் ரிசெப்டரை விட்டுப் பிரியாது, ரெண்டும் சேர்ந்து பெரிய 9எஸ் உருண்டையாவே கிடக்கும், டிஎன்ஏ பக்கமே போகாது. ஆனா டிரிஸ்ஸை எந்தச் சூட்டுல 7.4க்கு வெச்சீங்க? டிகிரிக்கு 0.028 மாறும். 25ல வெச்சதைக் கோல்ட் ரூமுக்குக் கொண்டுபோனா 8 ஆயிடும். எனக்கு இதுமேலதான் சந்தேகம்.

பழையகை: உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் டிரிஸ்தான்.

கோத்தகிரிக்காரன்: கரிக்கு அப்புறமும் கவுன்ட் இருக்குன்னா ஹார்மோன் ஒட்டியிருக்கு, எலியைக் குறை சொல்ல முடியாது. கோளாறு ஆக்டிவேஷன்லதான். பொட்டாசியம் குளோரைடு போட்டா பண்ணுறீங்க? 0.4 மோலார் உப்போட அப்படியே ஏத்தினா ஒட்டாது, நீர்க்கப் பண்ணிட்டுத்தான் ஏத்தணும்.

தேயிலைத்தளிர்: உப்பு இல்ல. சூடுதான். ரூம் டெம்பரேச்சர்ல 30 நிமிஷம்.

கோத்தகிரிக்காரன்: எந்த ஊர் ரூம்?

தேயிலைத்தளிர்: ஊட்டி.

கோத்தகிரிக்காரன்: அம்மா தாயே! டிசம்பர்ல! புரோட்டோகால் எழுதினவர் நினைச்சது 25 டிகிரி. உங்க ஹாஸ்டல்ல தேங்காயெண்ணெய் பாட்டில் எப்படி இருக்கு?

தேயிலைத்தளிர்: கட்டியா. ஹீட்டர்கிட்ட வெச்சாத்தான் ஊத்தும்.

கோத்தகிரிக்காரன்: எண்ணெயே இளகாத ரூம்ல ரிசெப்டர் எங்கே இளகும்! வாட்டர் பாத்ல 25 வெச்சு அரை மணி விடுங்க. 37க்கு ஆசைப்படாதீங்க, செத்துடும்.

பழையகை: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

பஃபர்பாண்டி: எங்கே சொன்னீங்க? மேல தேடிப் பார்த்துட்டேன்.

மலைச்சாரல்: குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். ஊட்டியில ஜெல் சாம்பிளை 95ல கொதிக்கவைன்னு சொன்னா என்ன பண்றது? தண்ணி 93 பக்கத்துலயே கொதிச்சிடுது.

பழையகை: கொடைக்கானல்ல அதைவிடக் குறைவு.

மலைச்சாரல்: எப்படி? ஊட்டி 2240 மீட்டர், கொடை 2100 சொச்சம். உசரம் கூடக்கூடத்தான் சீக்கிரம் கொதிக்கும். குக்கர் இல்லாம பருப்பு வேகாதது முதல்ல எங்க ஊர்லதான்.

பழையகை: நான் கொடையில ஏழு வருஷம் இருந்தவன்.

கோத்தகிரிக்காரன்: பருப்புக்குத் தனி இழை போடுங்கய்யா. தங்கச்சி, என்ன ஆச்சு?

தேயிலைத்தளிர்: பெஞ்ச்ல தெர்மாமீட்டர் வெச்சேன், 13. பாத்ல 25, அரை மணி. இந்தத் தடவை பாதிக்கு மேல ஒட்டிச்சு, 0.4 உப்புல இறங்கிச்சு. நன்றி. கைடு வர்றார்.

பஃபர்பாண்டி: சந்தோஷம். அந்த டிரிஸ்ஸைக் கோல்ட் ரூம்ல வெச்சுப் பார்த்தீங்களா?

பஃபர்பாண்டி: ஹலோ?