ஏழு போர் போட்டும் தண்ணீர் வராத நிலம்: டெக்சாஸ் பாம்பெர்கர் பண்ணையில் நாங்கள் பார்த்தது

எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். அப்பா இரண்டு முறை போர் போட்டார், இரண்டிலும் புழுதிதான் பறந்தது. அதனால்தானோ என்னவோ, ஒருத்தர் 500 அடிக்கு ஏழு போர் போட்டு ஏழிலும் தண்ணீர் வராமல், அப்புறமும் அந்த நிலத்தை விடவில்லை என்று கேள்விப்பட்டதும் ஆஸ்டினிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜே. டேவிட் பாம்பெர்கர் வீடு வீடாகப் போய் வாக்குவம் கிளீனர் விற்றவர், பிறகு சர்ச்ஸ் கோழி வறுவல் கடைகளை வளர்த்ததில் பெரிய பணக்காரர் ஆனவர். 1969-இல் பிளாங்கோ கவுண்டியில் 5,500 ஏக்கர் வாங்கினார். நல்ல மண்ணாகத் தேடவில்லை, இருப்பதிலேயே பாழாய்ப்போன நிலம் எது என்று விசாரித்துத்தான் வாங்கினார். கணக்கில்லாமல் மேயவிட்டதில் புல் அழிந்து, சுண்ணாம்புப் பாறை வெளியே தெரிய, ஜூனிப்பர் என்ற மரம் மட்டும் புதராக மண்டிக் கிடந்த இடம். அங்கே அதைச் சிடார் என்கிறார்கள். எனக்குச் சீமைக் கருவேலம்தான் ஞாபகம் வந்தது, ஆனால் ஒரு வித்தியாசம், சிடார் வெளியிலிருந்து வந்ததில்லை, அந்த மண்ணின் மரமேதான்.

சிடாரை வெட்டினார், தண்ணீர் வந்தது என்று பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். அங்கே போய் நின்றால் அது பாதிக் கதை என்று புரியும். சுற்றிக் காட்டுகிறவர் ஒரு மழை இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். ஒரு தட்டில் வெறும் மண், இன்னொன்றில் வேரோடு பெயர்த்த புல், மேலே பூவாளி மாதிரி தண்ணீர் தெளிக்கிறது. வெறும் மண்ணில் விழுந்தது கலங்கலாக மேலோடு வழிந்து முன்னால் இருந்த பாத்திரத்தில் கொட்டியது. புல் தட்டில் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் அடியிலிருந்து ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, பிறகு தெளிந்த நீர் ஒரே சீராக. நான் அதை மூன்று முறை போட்டுக் காட்டச் சொன்னேன்.

பாம்பெர்கர் வெட்டிய இடத்தில் எல்லாம் அந்த ஊர்ப் புல் விதையைத் தூவினார். புல் பிடித்து நிறுத்திய மழைத் தண்ணீர் பாறை வெடிப்புக்குள் இறங்கி, கீழே தண்ணீர் விடாத அடுக்கில் முட்டி, குன்றின் பக்கவாட்டில் ஊற்றாக வந்தது, அதுவும் இரண்டரை வருஷத்தில். போர் போட்டுக் கிடைக்காத தண்ணீர்! முதலில் எண்ணியபோது 48 வகைப் பறவைகள்தான் இருந்தனவாம், இப்போது 200-க்கும் மேல். மாடு மேய்ப்பதையும் அவர் நிறுத்தவில்லை, புல் தாங்கும் அளவுக்கு மட்டும் மேயவிட்டார். சிடாரையும் மொத்தமாக ஒழிக்கவில்லை. தங்கக் கன்னச் சிட்டு என்று சொல்லலாம், ஒரு சின்னப் பறவை, வயதான சிடாரின் பட்டையை உரித்துத்தான் கூடு கட்டும், அதற்காக முதிர்ந்த மரங்களை விட்டுவைத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். நம் பக்கம் ஜேசிபியை விட்டுக் கருவேலத்தைப் பிடுங்கிவிட்டு அந்தப் பள்ளத்தை அப்படியே போட்டுவிட்டு வருகிறோமே, அடுத்த மழைக்கு மேல்மண் கண்மாயில் போய்ப் படியும், மறுபடி அதே கருவேலம் முளைக்கும். வெட்டின அன்றே என்ன விதைக்கிறோம் என்று யாராவது கேட்கிறார்களா?

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு அந்த மழை இயந்திரத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வரப்புல கோரையும் அருகும் இருந்த காலத்துல கிணறு வத்துனதே இல்லப்பா" என்றார்.

* * *

அதே பண்ணையில் நான் பார்க்கப் போன இன்னொன்று வௌவால். 1998-இல் பாம்பெர்கர் செலவழித்து வௌவாலுக்கென்றே ஒரு குகை கட்டினார், கான்கிரீட்டில் குவிமாடம் எழுப்பி மேலே மண் மூடியது. சில வருஷம் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் வரவில்லை, கோழி வறுவலில் சம்பாதித்த காசை மண்ணில் போட்டுவிட்டார் என்று ஜனங்கள் சிரித்தார்கள். 2003-இல் கூட்டம் கூட்டமாக வந்து தங்கின. ஆஸ்டின் பாலத்தில் எல்லோரும் பார்க்கிற அதே மெக்சிகோ வௌவால்தான், ஆனால் இங்கே வண்டிச் சத்தம் கிடையாது. இருட்டத் தொடங்கியதும் முதலில் ஒரு வாடை, அப்புறம் காய்ந்த இலையைக் கையால் கசக்குகிற மாதிரி ஒரு சலசலப்பு, பிறகு புகைபோல ஒரு நீளக் கோடு வானத்தில் சுழன்று சுழன்று ஏறியது. அவை போய் முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கவே இல்லை. என் ஆறு வயது மகள் கழுத்து வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டாள், நானும் பக்கத்தில் படுத்துவிட்டேன்.