கண் சிவப்பும் மூக்கடைப்பும்: சார்காய்டோசிஸ் என்று எப்படி உறுதி செய்வது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

வணக்கம். 52 வயதான என் தாயாருக்கு ஏழு மாதங்களாகக் கண்கள் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வையும் மங்குகிறது. மூக்கினுள் பொருக்குக் கட்டி அடைத்துக்கொள்வதோடு, சில நாள்களில் இரத்தமும் கசிகிறது. கண் மருத்துவர் யூவியைட்டிஸ் (கண்ணின் உட்படல அழற்சி) என்று சொட்டு மருந்து கொடுத்தார். வேறொருவர் மூக்குக்கு ஒவ்வாமை என்றார். இப்போது மூன்றாமவர், இரண்டும் சார்காய்டோசிஸாக (பல உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் தோன்றும் நோய்) இருக்கலாம், ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கிவிடலாம் என்கிறார். ஆனால் இரத்தத்தில் ஏஸ் (இந்நோயில் கூடக்கூடிய ஒரு நொதி) அளவு சரியாக இருக்கிறது. எதை நம்புவது?

பதில் 1 (ஓய்வுபெற்ற செவிலியர், பீனிக்ஸ்)

ஏஸ் அளவை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், அம்மா. இந்நோய் உள்ள பலருக்கு அது சரியாகவே இருக்கும்; இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் குறைந்து காட்டும்.

உறுதி தருவது திசுப் பரிசோதனைதான். மூக்கின் உட்சவ்வில் புண்ணோ தடிப்போ தெரியும் இடத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்து, கிரானுலோமா (அழற்சிச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு) இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். காசநோயின் கிரானுலோமாவில் நடுப்பகுதி பெரும்பாலும் பாலாடைக் கட்டிபோல் அழுகியிருக்கும். சார்காய்டோசிஸில் பொதுவாக அப்படி இராது. ஆயினும் காசநோயிலும் சில வேளை அழுகல் தென்படாது என்பதால், அதே திசுவில் காசநோய்க் கிருமிக்கான சாயப் பரிசோதனை, ஜீன்எக்ஸ்பெர்ட் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), வளர்ப்புப் பரிசோதனை மூன்றையும் கேளுங்கள். காசநோய் இவ்வளவு பரவியுள்ள நம் நாட்டில் இதைத் தவிர்த்துவிட்டு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது எனக்கு அச்சமாக இருக்கிறது: மறைந்திருக்கும் காசநோய் கிளர்ந்தெழலாம், திசுவில் தெரிய வேண்டிய அடையாளமும் மங்கிப்போகலாம். கண்ணுக்கான சொட்டு மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள், யூவியைட்டிஸ் காத்திருக்காது.

பதில் 2 (டோங்காட்)

எனக்கு இந்நோய் இருக்கிறது. மூக்கில் முதன்முறை எடுத்த துணுக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. இருமலே இல்லாத எனக்கு மார்பு எக்ஸ்ரேயில் இரு நுரையீரல்களின் வேர்ப்பகுதியிலும் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. அங்கிருந்து எடுத்த திசுதான் விடை சொன்னது. எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? கண்ணையும் மூக்கையும் சேர்த்துத் தாக்கும் இன்னொரு நோய் ஜிபிஏ என்னும் இரத்தக் குழாய் அழற்சி. அதற்கு ஆன்கா என்ற எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தப் பரிசோதனை உண்டு. சிபிலிஸ், எச்ஐவி, கால்சியம் ஆகியவற்றையும் பாருங்கள். இந்நோயில் இரத்தத்தில் கால்சியம் ஏறக்கூடும்; அதன் அளவு தெரியும்வரை வைட்டமின் டி மாத்திரை வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அம்மா எனலாப்ரில்தான் சாப்பிடுகிறார்; அதை யாரும் கேட்கவே இல்லை. எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை மருத்துவரிடம் திசுப் பரிசோதனையையும் சேர்த்துக் கேட்கிறேன்.