மலிவான டெக் பங்கா, வேகமாக வளரும் டெக் பங்கா?

நிதானன்:
இரண்டு மென்பொருள் நிறுவனங்கள். ஒன்றின் பி.இ. (பங்கு விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 12, லாப வளர்ச்சி ஆண்டுக்கு 5%. மற்றதன் பி.இ. 60, வளர்ச்சி 25%. எல்லாரும் இரண்டாவதன் பின்னால்தான் ஓடுகிறார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். 25% வீதம் ஐந்து ஆண்டு வளர்ந்தால் லாபம் சுமார் 3 மடங்கு. அதற்குள் வேகம் தணிந்து பி.இ. 20-க்கு இறங்கினால்? லாபம் மூன்று மடங்கு கூடியும் பங்கு விலை வாங்கிய இடத்திலேயே நிற்கும். மலிவுப் பங்கு அதே பி.இ. 12-ல் கிடந்தாலும் 28% ஏறியிருக்கும். டிவிடெண்ட் தனி.

வளர்பிறை:
"அதே பி.இ. 12-ல் கிடந்தாலும்" என்கிறீர்களே, சறுக்குவது அங்கேதான் சார். ஐபிஎம்மை எடுங்கள். 2011-ல் பிரபல முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் நிறுவனமான பெர்க்‌ஷயர் அதில் 1,000 கோடி டாலருக்கு மேல் போட்டது. அந்த ஆண்டு ஐபிஎம்மின் விற்பனை சுமார் 10,700 கோடி டாலர். 2017-ல் அது 7,900 கோடி. நடுவில் ஐபிஎம் பைபேக் செய்துகொண்டே இருந்தது, அதாவது தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கியது. பங்குகளின் எண்ணிக்கை குறைந்ததால் ஒரு பங்குக்கான லாபம் சில காலம் நன்றாகவே தெரிந்தது. விற்பனை கரைவதை அது மறைத்தது. கடைசியில் பெர்க்‌ஷயரும் விற்றுவிட்டு வெளியேறியது.

நிதானன்:
சரி, நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ? 2000 மார்ச்சில் 80 டாலர், பி.இ. 100-க்கும் மேலே. 2002-ல் 10 டாலருக்குக் கீழே. தொழில் ஒன்றும் படுத்துவிடவில்லை. 2000-ல் சுமார் 1,900 கோடி டாலராக இருந்த விற்பனை 2010-ல் 4,000 கோடி. பங்கு விலையோ அப்போதும் பழைய உச்சத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை.

கணக்குப்பிள்ளை:
இருவரும் பி.இ.-யையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். டெக் நிறுவனத்தில் முதலில் கேஷ் ஃப்ளோ அறிக்கையை (பணம் வந்ததையும் போனதையும் காட்டும் கணக்கை) திறக்க வேண்டும். தொழிலில் வந்த பணம் 100, மூலதனச் செலவு (கட்டடம், கருவி போன்றவற்றுக்கு) 10 என்றால் 90 மிச்சம் என்று அறிவிப்பார்கள். ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுத்த சம்பளம் 55 அதே அறிக்கையில் மேலே திரும்பக் கூட்டப்பட்டிருக்கும். அதைக் கழித்தால் 35தான். பணமாகப் போகவில்லை என்பதால் அது செலவில்லை என்று ஆகிவிடாது, புதுப் பங்குகள் சேரச் சேர நிறுவனத்தில் உங்கள் பங்கின் அளவு சுருங்குகிறதே!

அடுத்து வரவேண்டிய பாக்கி. விற்பனை 20% கூடி, பாக்கி 45% கூடியிருந்தால், காலாண்டு முடிவில் சரக்கையோ ஒப்பந்தத்தையோ வாடிக்கையாளர் தலையில் தள்ளியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அடுத்த காலாண்டிலேயே தெரிந்துவிடும்.

பேலன்ஸ் ஷீட்டில் (சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கில்) ரொக்கம் நிறைய இருந்தால், சந்தை மதிப்பில் (எல்லாப் பங்குகளின் மொத்த விலையில்) அதைக் கழித்து, கடனைக் கூட்டுங்கள். சில "விலை உயர்ந்த" பங்குகள் அப்போது அவ்வளவு உயரமாகத் தெரியாது.

வளர்பிறை:
பங்குச் சம்பளத்தைக் கழிப்பதை ஏற்கிறேன். கூடவே ஒன்று பார்க்க வேண்டும்: போன ஆண்டு 100 கொடுத்த அதே வாடிக்கையாளர்கள் இந்த ஆண்டு எவ்வளவு கொடுக்கிறார்கள்? 120 என்றால் புது ஆள் யாரும் வராமலே 20% வளர்ச்சி. 95 என்றால் விளம்பரத்துக்குக் கொட்டித்தான் வளர்ச்சியைக் காட்டுகிறார்கள்.

நிதானன்:
அந்த எண்ணை மலிவுப் பங்குக்கும் போடலாம். மூன்று ஆண்டு தொடர்ந்து விற்பனை இறங்கினால் பி.இ. 8 ஆனாலும் நான் தொடமாட்டேன்.

வளர்பிறை:
மூன்று ஆண்டு காத்திருந்தால் பாதிப் பணம் போயிருக்கும்.

நிதானன்:
ஒரே ஆண்டுச் சரிவில் ஓடினால் நல்லதும் கைநழுவும். 2016-ல் ஆப்பிளின் விற்பனை சுமார் 8% குறைந்தது, பங்கும் மலிவாகக் கிடைத்தது. அதே ஆண்டு சேவைப் பிரிவின் வருவாய் 20%-க்கு மேல் கூடியிருந்தது. வாங்கிய கருவியை மக்கள் கையைவிட்டு இறக்கவில்லை, புதிதாக மாற்றுவதைத்தான் தள்ளிப்போட்டார்கள். ஐபிஎம் கதை அப்படியில்லை.