கனடாவில் முதியோர் பராமரிப்பு வேலை: ஏஜென்ட் கொடுத்த ஆஃபர் லெட்டரை நம்பிப் பணம் கட்டலாமா?

தண்டையார்பேட்டை மகள்:
அனைவருக்கும் வணக்கம். ஐந்து வருடங்களாக வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். இப்போது ராயபுரத்தில், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒரு பாட்டியைக் கவனிக்கிறேன். பிளஸ் டூ முடித்திருக்கிறேன். வயது 34.

இதே வேலைக்குக் கனடாவில் ஆள் எடுக்கிறார்கள், இரண்டு வருடம் பார்த்தால் குடும்பத்துக்கே பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்துவிடும் என்று எங்கள் பகுதி ஏஜென்ட் ஒருவர் சொன்னார். மொத்தம் நாலரை லட்சம் கேட்கிறார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 50,000 ரூபாய் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் இரண்டு லட்சம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம்.

அவர் கொடுத்த லெட்டரின் மேலே சிவப்பு மேப்பிள் இலை. தலைப்பு ‘லிவ்-இன் கேர்கிவர் புரோகிராம்’, அதாவது முதலாளி வீட்டிலேயே தங்கிப் பராமரிக்கும் திட்டம். வேலை மான்ட்ரியலில் ஒரு வீட்டில். 24 மாதம் முடிந்ததும் நிரந்தர வசிப்புரிமை உறுதி என்று ஒரு வரி. முதலாளியின் போன் நம்பர் எங்கும் இல்லை. வட்டிக்குக் கேட்டால் இரண்டு லட்சம் புரட்டிவிடலாம். கட்டலாமா?

ஸ்கார்பரோவில் இருக்கும் திருவொற்றியூர்க்காரி:
தங்கச்சி, இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நானும் இதே வேலைக்குக் கனடா வந்தவள்தான். அந்த லெட்டரின் தலைப்பைப் படித்ததுமே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. லிவ்-இன் கேர்கிவர் திட்டம் 1992-இல் தொடங்கியது. 2014 நவம்பரோடு புதிதாக வருபவர்களுக்கு அதை மூடிவிட்டார்கள். மூடி இத்தனை வருடங்கள் ஆன திட்டத்தின் பெயரில் இன்றைக்கு யாரும் வேலை கொடுக்க முடியாது. அடுத்து மான்ட்ரியல். அது கியூபெக் மாகாணத்தில் இருக்கிறது. 2019-இல் வந்த திட்டங்களிலும் சரி, 2025-இல் வந்தவற்றிலும் சரி, கியூபெக்கில் உள்ள வேலை செல்லாது. வசிப்புரிமையைத் தீர்மானிப்பது அரசு. எந்த முதலாளியும் ‘உறுதி’ என்று எழுதிக் கொடுக்க முடியாது.

காலடிப்பேட்டை:
எல்லாரையும் திருடன் என்று சொல்லிவிட வேண்டாம். என் சித்தி மகள் இங்கிருந்தே விண்ணப்பித்துப் போனாள். இரண்டு வருடம் வேலை செய்தாள், பி.ஆர். வாங்கினாள். இப்போது கணவரும் பிள்ளைகளும் அங்கேதான்.

ஸ்கார்பரோவில் இருக்கும் திருவொற்றியூர்க்காரி:
அண்ணா, உங்கள் சித்தி மகள் போனது உண்மைதான். நானும் அப்படித்தான் வந்தேன். 2019 ஜூன் 18 அன்று இரண்டு திட்டங்கள் தொடங்கின. ஒன்று குழந்தைகளைப் பார்ப்பவர்களுக்கு, இன்னொன்று முதியவர்களையும் நோயாளிகளையும் பார்ப்பவர்களுக்கு. ஆண்டுக்கு ஒவ்வொன்றிலும் 2,750 விண்ணப்பங்கள். வேலைக்கான கடிதம் இருந்தால் ஊரிலிருந்தே வேலை அனுமதிக்கும் பி.ஆருக்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாம். இங்கே வந்து 24 மாதம் வேலை செய்ததற்குச் சான்று கொடுக்க வேண்டும். 2023-இல் அதை 12 மாதமாகக் குறைத்தார்கள். 2024 ஜூன் 17-ஓடு இரண்டும் முடிந்துவிட்டன. ஏஜென்ட்கள் காட்டுவதெல்லாம் அந்தக் காலத்தில் போனவர்களின் போட்டோக்கள். போட்டோ உண்மை, அவர்கள் போன வழி இப்போது இல்லை. அதனால்தான் இத்தனை பேர் நம்பிவிடுகிறார்கள்.

புதிய திட்டம் 2025 மார்ச் 31 அன்று திறந்தது. இதில் வந்த உடனேயே பி.ஆர். என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே கனடாவில் வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கு மட்டுமே திறந்தார்கள். இடங்கள் வேகமாக நிரம்பிவிட்டன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான பிரிவைத் திறக்கவே இல்லை. 2026 மார்ச்சிலும் மீண்டும் திறக்கப்போவதில்லை என்று 2025 டிசம்பரில் அறிவித்தும்விட்டார்கள்.

மின்ட் பக்கம்:
பாஸ்போர்ட் விஷயத்தை முதலில் பாருங்கள் அம்மா. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த ஏஜென்டுக்கும் உரிமை கிடையாது. நாளைக்கே வீட்டு ஆட்கள் இரண்டு பேரோடு போய்க் கேளுங்கள். பணத்தைப் பற்றி அங்கே பேச்செடுக்க வேண்டாம்; பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். ‘நாங்கள் ஆலோசனை மட்டும்தான் சொல்கிறோம்’ என்பார்கள். வேலைக் கடிதத்தைக் கையில் கொடுத்த பிறகு அந்தப் பேச்சு எடுபடாது. பதிவு பெற்றவர்கள் பட்டியல் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறது. அப்படிப் பதிவு பெற்றவர்கூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதோடு. உங்களிடம் கேட்பது நாலரை லட்சம்.

தண்டையார்பேட்டை மகள்:
நேற்று இரவு தூக்கமே இல்லை. இன்று போனில், ‘அந்தத் திட்டம் இல்லாவிட்டால் பரவாயில்லை, விசிட்டர் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்’ என்கிறார்.

ஸ்கார்பரோவில் இருக்கும் திருவொற்றியூர்க்காரி:
வேண்டாம் தங்கச்சி. கொரோனா சமயத்தில் வந்த தற்காலிகச் சலுகை அது. விசிட்டராக வந்தவர்கள் உள்ளேயிருந்தே வேலை அனுமதி கேட்கலாம் என்றிருந்தது. 2024 ஆகஸ்ட் 28 அன்று அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அப்படி வந்து ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தால் அது சட்டவிரோதம். சம்பளம் தராவிட்டாலும் வெளியே சொல்லப் பயந்து நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒரு பெண்ணுடன் நான் ஒரே அறையில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்கார அம்மா நீட்டிய சில்லறையை வாங்கிக்கொண்டு, கதவுமணி அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். உங்களுக்கு அது வர வேண்டாம்.

உங்கள் வேலைக்கு மதிப்பு உண்டு. நாளைக்கே ஒரு திட்டம் திறந்தாலும் முதலில் கேட்கப்போவது அனுபவத்துக்கான சான்றுதான். 2025 திட்டத்தில் கடந்த மூன்று வருடங்களுக்குள் ஆறு மாத அனுபவம், அல்லது ஆறு மாதப் பயிற்சிச் சான்றிதழ் கேட்டார்கள். பள்ளிப் படிப்பு கனடா அளவுக்குச் சமம் என்ற மதிப்பீடும் வேண்டும். ஆங்கிலத்தில் கனடா மொழி அளவுகோலின் நான்காம் நிலை, அதாவது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் ‘ஜெனரல்’ பிரிவில் கேட்பதற்கு 4.5, வாசிப்பதற்கு 3.5, எழுதவும் பேசவும் 4. பிளஸ் டூ படித்தவர் ஆறு மாதம் உழைத்தால் எட்டிவிடலாம். தேர்வு முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் இப்போதே எழுதிப் பணத்தை வீணாக்க வேண்டாம். பேச்சுப் பயிற்சியை மட்டும் தொடங்குங்கள்.

சம்பளத்தைக் கையில்தானே வாங்குகிறீர்கள்? நீங்கள் வேலை செய்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கடிதம் வாங்குங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, என்ன சம்பளம். பாட்டி இருக்கும்போதே, அவர் பிள்ளைகள் ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

தண்டையார்பேட்டை மகள்:
பாட்டியின் சர்க்கரை, பிரஷர், மாத்திரை கொடுத்த நேரம், புரட்டிப் படுக்கவைத்த நேரம் எல்லாம் தினமும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். டாக்டர் வந்தால் அதைத்தான் பார்ப்பார். அது உதவுமா அக்கா?

ஸ்கார்பரோவில் இருக்கும் திருவொற்றியூர்க்காரி:
கடிதத்துக்குத் துணையாக நிற்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்தில் வீட்டு ஆட்களிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவையுங்கள்.

மின்ட் பக்கம்:
50,000 ரூபாயை விட்டுவிடாதீர்கள். லெட்டர், பணம் அனுப்பிய விவரம், அவர் பேசிய வாட்ஸ்அப் குரல்பதிவுகள், எதையும் அழிக்காமல் பிரதி எடுங்கள். வேப்பேரி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது, அங்கும் ஒரு நகல். வெளிநாட்டு வேலைதான் வேண்டும் என்றால் கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே பெயரைப் பதிந்துவையுங்கள்.

தண்டையார்பேட்டை மகள்:
பாஸ்போர்ட் வந்துவிட்டது. மாமாவும் தம்பியும் கூட வந்தார்கள். முதலில் ‘கூரியரில் போயிருக்கிறது’ என்றார். தம்பி நாற்காலியை விட்டு எழவே இல்லை. அரை மணி நேரம் கழித்து மேசை இழுப்பறையிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார். ரப்பர் பேண்டு போட்ட கட்டுக்குள் இன்னும் பத்துப் பன்னிரண்டு பாஸ்போர்ட்டுகள் இருந்தன. அந்தப் பெண்கள் யாரென்று தெரியவில்லை. மேலே இருந்த ஒன்றில் எண்ணூர் முகவரி மட்டும் கண்ணில் பட்டது. எண்ணூரில் யாராவது இப்படிக் கொடுத்திருந்தால் தயவுசெய்து இங்கே எழுதுங்கள். திங்கட்கிழமை காலை வேப்பேரிக்குப் போகிறேன், சேர்ந்தே போகலாம்.