60 நாளு அப்பீல் ஆருக்கு? டாக்டருக்கா, தீனக்காரனுக்கா?

விளவங்கோடன்:
நேத்து ராத்திரி நம்ம ஊரு குரூப்ல ஒருத்தரு நீளமா ஒரு மெசேஜ் போட்டாரு. “டாக்டர் தப்பு செஞ்சா பேடிக்காண்டாம், மெடிக்கல் கவுன்சில்ல புகார் எழுதிப்போடுங்க, 6 மாசத்துல தீர்ப்பு, தீர்ப்பு பிடிக்கல்லண்ணா 60 நாளுக்குள்ள டெல்லிக்கு அப்பீல்.” கடையில சோப்பு மாத்துக மாதிரி எழுதிப்போட்டாரு. எனக்க அம்மைக்கு பித்தப்பை ஆப்பரேஷன் நடந்து, பொறவு உள்ள கசிஞ்சு, வேற ஆசுத்திரியில கொண்டுபோய் திரும்ப கீறி எடுத்த கதை இஞ்ச பலபேருக்குத் தெரியும். ஆசுத்திரி பேரும் கவுன்சில் பேரும் இஞ்ச எழுதமாட்டேன். முதல்ல போட்ட கவுன்சில், அந்த டாக்டர் எங்க ரெஜிஸ்டர்ல இல்லண்ணு திருப்பி அனுப்பிச்சு. அடுத்த மாநிலத்துக்குப் போட்டேன், 2 வருசம் 7 மாசம் கழிச்சு ரெண்டு வரியில “கவனக்குறைவு இல்லை”ண்ணு முடிச்சாச்சு. அந்தக் கடுதாசி எனக்க கையில கிட்டி இன்னைக்கு 41-வது நாளு. இனி கேக்குகேன், அந்த 60 நாளு அப்பீல் எனக்கு உண்டா இல்லையா? 2019 நேஷனல் மெடிக்கல் கமிஷன் சட்டம் பிரிவு 30 உட்பிரிவு 3 படிச்சுப்பாருங்க, அப்பீல் ஆருக்குண்ணு சொல்லுகது அதுதான். “மருத்துவர்”ண்ணுதான் இருக்கு. எனக்க அம்மை மருத்துவர் இல்ல.

களியக்காவிளை வக்கீல்:
சாரே, அரைச் சட்டத்தைப் படிச்சிட்டு ஆளுகளைக் கலக்காதீங்க. டாக்டர்மாருக்க 2002-ம் வருசத்து தொழில்நெறி விதி 8.8 தெளிவா இருக்கு. மாநில கவுன்சில் முடிவால பாதிக்கப்பட்ட “எந்த ஆளும்” ஆர்டர் கிட்டி 60 நாளுக்குள்ள மேல்முறையீடு செய்யலாம், தகுந்த காரணம் இருந்தா இன்னொரு 60 நாளும் கூட்டிக் கேக்கலாம். அந்த மெசேஜ்ல தப்பு ஒண்ணுமில்ல.

விளவங்கோடன்:
அந்த விதியில எழுதியிருக்கது பழைய மெடிக்கல் கவுன்சிலுக்கு அப்பீல். அந்தக் கவுன்சிலே 2020 செப்டம்பர் 25-ல போயாச்சு, அதுக்குப் பொறவு இருக்கது நேஷனல் மெடிக்கல் கமிஷன், சுருக்கமா என்எம்சி. இல்லாத வீட்டுக்கு ஆரு கடுதாசி போடுவா?

களியக்காவிளை வக்கீல்:
அதே 2019 சட்டத்துல பிரிவு 61 எண்ணு ஒண்ணு உண்டு, அதையும் கொஞ்சம் படியுங்க. புது விதி வர்றதுவரைக்கும் பழைய விதி நிக்கும். 2023 ஆகஸ்ட் 2-ல புது நடத்தை விதி போட்டு, ஜெனரிக் மருந்துதான் எழுதணும்ண்ணு சொன்னதுல டாக்டர்மாரு கொதிச்சு, ஆகஸ்ட் 23-ல அதை நிறுத்தி வச்சு 2002 விதியைத் திரும்பக் கொண்டுவந்தாச்சு. அப்ப 8.8-க்கும் உயிரு வந்தாச்சு இல்லியா?

விளவங்கோடன்:
உயிரு வந்தாச்சுண்ணு நிங்க சொல்லுகீங்க. தீனக்காரங்க போட்ட அப்பீலை 30(3) காட்டி மேல திருப்பி அனுப்புகது பேப்பர்ல எத்தனைவாட்டி வந்தாச்சு? விதி பெருசா, சட்டம் பெருசா? பிரிவு 30-ல உட்பிரிவு 4-லயும் ஒரு 60 நாளு இருக்கு, அதுவும் டாக்டருக்கு ரெண்டாவது அப்பீல். டாக்டருக்கு ரெண்டு படி, எனக்கு படியே இல்ல. 2022 கடைசியில மத்திய அரசு போட்ட திருத்த வரைவுல, புகார் குடுத்தவனும் அப்பீல் போடலாம்ண்ணு சேர்த்தாங்க. ஏற்கெனவே வழி இருந்தா அந்த வரைவு என்னத்துக்கு வக்கீல் சாரே? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

அருமனை டாக்டர்:
அண்ணே, அம்மைக்கு நடந்தது சங்கடம்தான், அதைக் கொறைச்சு சொல்லல்ல. ஆனா ஒரே சம்பவத்துக்கு ஒரு டாக்டர் எத்தனை இடத்துல நிக்கணும்? கவுன்சில், கன்ஸ்யூமர் கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன், கிரிமினல் கோர்ட்டு. 1995-ல சுப்ரீம் கோர்ட்டுக்க வி.பி. சாந்தா தீர்ப்புலேருந்து எங்களை கன்ஸ்யூமர் சட்டத்துல கொண்டுவந்தாச்சு. 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புல, கடுமையான கவனக்குறைவு இருந்தாத்தான் கிரிமினல் கேஸ், அதுக்கும் முன்னால வேற டாக்டருக்க கருத்து வாங்கணும்ண்ணு சொன்னப் பொறவும் ஸ்டேஷன்ல கூப்பிட்டு உக்கார வைக்காங்க. பித்தநாளம் கசியுகது நல்லா செஞ்ச ஆப்பரேஷன்லயும் வரும், புஸ்தகத்துலயே உள்ளது. 2023 மே 10 நம்ம பக்கத்துல கொட்டாரக்கர தாலுக்கா ஆசுத்திரியில, போலீஸ் சிகிச்சைக்கு கொண்டுவந்த ஆளு ஹவுஸ்சர்ஜன் வந்தனா தாஸைக் குத்திக் கொன்னான். அந்த ராத்திரி நான் டூட்டியில இருந்தேன். உங்களுக்கு 30(3) மட்டும்தான் கண்ணுல படுது.

விளவங்கோடன்:
அந்தப் பிள்ளைக்க சாவுக்கு நானும் அழுதேன் டாக்டரே, அதை எனக்க கேள்விக்கு மறையாட்டு வைக்காதீங்க. கசிவு வரும்ண்ணு எனக்கும் தெரியும். கசிஞ்சதுக்கு நான் புகார் குடுக்கல்ல. காய்ச்சல், வயித்துவலிண்ணு மூணுநாளு போன்ல கெஞ்சினப்ப “வயித்துல வாயுதான், மாத்திரை குடுங்க”ண்ணு சொன்னதுக்குத்தான் குடுத்தேன். அது அந்த ரெண்டு வரி ஆர்டர்ல எங்க இருக்கு? கவுன்சில்ல இருக்கது டாக்டர்மாரு, விசாரிக்கது டாக்டர்மாரு. டெல்லி கமிஷன்ல மொத்தம் 33 பேரு, அதுல சட்டம், நிர்வாகம், பொருளாதாரம், தீனக்காரனுக்க உரிமை எல்லாத்துக்கும் சேர்த்து ஒதுக்கினது 3 இடம். அந்த 33 பேருக்க வாசல்ல போயி நிக்கதுக்குக்கூட எனக்கு பாஸ் இல்ல.

பளுகல் சிஸ்டர்:
நான் இப்பதான் டூட்டி முடிஞ்சு வந்து வாசிச்சேன். என்எம்சி-யில ஆரு வேணும்னாலும் புகார் குடுக்கலாமே? ஹியரிங் கூட பொதுவாத்தான் நடக்கும், தீர்ப்பை வெப்சைட்ல போடுவாங்க. அண்ணன் தெரியாம எழுதுதாரு.

விளவங்கோடன்:
ஹியரிங் பொதுவாவா? எந்த லோகத்துல?

களியக்காவிளை வக்கீல்:
பாத்தியளா, உள்ள இருக்க ஒரு ஆளே சொல்லியாச்சு.

அருமனை டாக்டர்:
சிஸ்டரே, தப்பா சொல்லாதீங்க, வெப்சைட்ல அப்பிடி ஒண்ணும் இல்ல.

பளுகல் சிஸ்டர்:
நான் சொன்னது இங்கிலாந்து என்எம்சி, நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில். நான் இஞ்ச வந்து 9 வருசமாச்சு.

விளவங்கோடன்:
வக்கீல் சாருக்கு எந்த என்எம்சி-ண்ணு கேக்கதுக்கு முன்னாடியே சாட்சி கிட்டியாச்சு. இதுதான் உங்க 8.8-க்க பலம்.

பளுகல் சிஸ்டர்:
சண்டை போடாதீங்கோ. இங்கயும் புகார் குடுத்தவங்களுக்கு நேரா அப்பீல் இல்ல, நர்சுக்குத்தான் உண்டு. ஆனா கவுன்சில்மாருக்கு மேல புரொஃபஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டிண்ணு ஒண்ணு உண்டு, தண்டனை போதாதுண்ணு அவங்களுக்குத் தோணிச்சுண்ணா அவங்களே ஹைகோர்ட்டுக்குக் கொண்டுபோவாங்க. இங்கத்த டாக்டர் கவுன்சில்லயும் 12 பேர்ல 6 பேரு டாக்டரில்லாதவங்க. நாட்டுல அப்பிடி ஒரு ஏற்பாடு இருந்தா அண்ணன் இப்பிடி நாளு எண்ணாண்டாம்.

அருமனை டாக்டர்:
அங்க ஒரு டாக்டர் ஒரு நாளு எத்தனை பேரைப் பாக்காரு, இஞ்ச ஓ.பி.யில நான் எத்தனை பேரைப் பாக்கேன், அதையும் சொல்லுங்க சிஸ்டர். சட்டத்தை மட்டும் அங்கேருந்து இறக்குமதி செஞ்சா போதுமா?

வர்மக்களரி:
உங்க சண்டையில ஒண்ணு கேக்கட்டா? எங்க அப்பூப்பன் காலத்துலேருந்து எலும்பு கட்டுகோம், சுளுக்கு எடுக்கோம். கேரளத்து பாரம்பரிய வைத்தியமாரு போட்ட கேஸ்ல 2018 ஏப்ரல் 13-ல சுப்ரீம் கோர்ட்டு, பதிவில்லாம வைத்தியம் செய்யக்கூடாதுண்ணு தீர்ப்பு சொன்னதுலேருந்து எல்லையில எங்களை வியாஜன்மாரா, போலி வைத்தியமாரா பாக்காங்க. பதிவு உள்ளவன் தப்பு செஞ்சா ரெண்டு வரி ஆர்டர், பதிவில்லாதவன் நல்லது செஞ்சாலும் ஜெயிலு.

அருமனை டாக்டர்:
நல்லது செய்யுகீங்களா? ஒடிஞ்ச கையை மூங்கில் வச்சு இறுக்கிக்கட்டி, ரத்த ஓட்டம் நிண்ணு விரலு கறுத்து வந்த பிள்ளைய நான் பாத்திருக்கேன். பதிவுண்ணு ஒண்ணு வச்சதே அதுக்குத்தான்.

வர்மக்களரி:
உங்க ஆசுத்திரியில முறிச்சு எடுக்கச் சொன்ன காலை எங்க எண்ணெய்ல நடக்க வச்சதையும் நான் பாத்திருக்கேன். போன வருசம் ஊரு குளத்துப் பிரச்சினையிலயும் நிங்க இப்பிடித்தான் ஒரு பக்கம் மட்டும் பேசினீங்க.

அருமனை டாக்டர்:
குளத்துக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்?

விளவங்கோடன்:
ரெண்டு பேரும் வேற திரி தொடங்கி அடிச்சுக்கோங்க. எனக்கு 19 நாளுதான் மிச்சம். 30(3)-ல “மருத்துவர்”. வேற ஆளு பேரு அதுல இல்ல. ஆருக்காவது மறுக்க முடியுமா?

களியக்காவிளை வக்கீல்:
சட்டத்துல சொல்லல்லண்ணா தடைண்ணு அர்த்தமில்ல. சட்டம் டாக்டருக்கு ஒரு வழி குடுத்திருக்கு, மத்தவனுக்கு இல்லண்ணு எங்கயும் எழுதல்ல. 8.8 அந்த இடத்தை நிரப்புது. இதுக்கு மேல லேசா எனக்குச் சொல்லத்தெரியாது. அண்ணைக்கே நிங்க கன்ஸ்யூமர் கமிஷனுக்குப் போயிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. 2019 கன்ஸ்யூமர் சட்டப்படி ஆசுத்திரி எந்த மாநிலத்துல இருந்தாலும் நிங்க குடியிருக்க இடத்துல, நாகர்கோவில்லயே போட்டிருக்கலாம்.

விளவங்கோடன்:
போட்டிருக்கலாம். அதுக்குக் காலம் 2 வருசம். கவுன்சில் தப்புண்ணு சொன்னா அதை வச்சுப் போடலாம்ண்ணு எனக்குச் சொன்னது ஆரு தெரியுமா? ஒரு வக்கீல். கவுன்சில் 6 மாசத்துல முடிக்கணும்ண்ணு உங்க 2002 விதியிலதான் இருக்கு, அதை நம்பிக் காத்திருந்தேன். கவுன்சில் 2 வருசம் 7 மாசம் எடுத்துச்சு, கன்ஸ்யூமருக்க வாசலு அதுக்குள்ள அடைச்சாச்சு. எனக்கு காசு வேண்டாம், அந்த மூணுநாளு போன்ல சொன்னது தப்புண்ணு ஒரு வரி எழுதித் தரணும்.

அருமனை டாக்டர்:
அப்ப அந்த வக்கீல்மேல கன்ஸ்யூமர்ல கேஸ் போடுங்க பாப்போம். முடியாது. 2024 மே 14-ல சுப்ரீம் கோர்ட்டு, வக்கீல்மாருக்க தொழிலு கன்ஸ்யூமர் சட்டத்துல வராதுண்ணு சொல்லியாச்சு. நாங்க வருவோம், அவிய வரமாட்டாங்க. இது எந்த ஊரு நியாயம்?

களியக்காவிளை வக்கீல்:
வக்கீல் மேல புகார் குடுக்க பார் கவுன்சில் உண்டு, அட்வகேட்ஸ் ஆக்ட் பிரிவு 35. ஒரு வருசத்துல முடியல்லண்ணா கேஸ் தானா இந்திய பார் கவுன்சிலுக்குப் போவும், 36-பி. புகார் குடுத்தவனுக்கும் அப்பீல் உண்டு. எங்க கவுன்சில் உங்களைவிட நேர்த்தி.

அருமனை டாக்டர்:
நேர்த்தியா? சட்டத்துல 750 ரூவாண்ணு எழுதி வச்சிருக்க வக்கீல் பதிவு பீசுக்கு, சட்டம் முடிச்ச பிள்ளைகள்கிட்ட ஆயிரக்கணக்குல ரூவா வாங்கினாங்க, 2024 ஜூலை 30-ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னப் பொறவுதான் அது நிக்கணும்ண்ணு ஆச்சு. சட்டம் படிச்சவங்களுக்கே அவங்க சட்டம் கண்ணுல படல்ல.

களியக்காவிளை வக்கீல்:
உங்க பழைய கவுன்சில் தலைவரை 2010-ல சி.பி.ஐ. கைது செஞ்ச கதையை நான் எடுக்கட்டா?

விளவங்கோடன்:
எடுங்க, ரெண்டு பேரும் எல்லாத்தையும் எடுங்க. எனக்க கேள்விய மட்டும் எடுக்காதீங்க. டாக்டர் கவுன்சில் மோசமா வக்கீல் கவுன்சில் மோசமாண்ணு நான் கேக்கல்ல. வக்கீல் சாரே, உங்க சட்டத்துல புகார் குடுத்தவனுக்கு அப்பீல் உண்டுண்ணு இப்ப நிங்களே எழுதினீங்க. அங்க நேரா எழுதியிருக்கு, டாக்டர் சட்டத்துல எழுதல்ல. அப்ப அதை வேணும்ண்ணே விட்டாங்க. ஒத்துக்கோங்க.

களியக்காவிளை வக்கீல்:
ஒத்துக்கொள்ள ஒண்ணுமில்ல. 19 நாளு இருக்கு, 8.8 காட்டி ரெஜிஸ்டர் தபால்ல போடுங்க. திருப்பினாங்கண்ணா அந்தக் கடுதாசியை வச்சு ஹைகோர்ட்டுல ரிட் மனு போடலாம். மதுரை பெஞ்சுல போடலாம், நிங்க கன்னியாகுமரி மாவட்டம்.

பளுகல் சிஸ்டர்:
அண்ணே, தபால் போடுங்க. போடாம இருந்தா 60 நாளும் போயிரும், பொறவு கேக்க ஒண்ணும் இருக்காது.

விளவங்கோடன்:
போடுவேன் பிள்ளே, அதுல சந்தேகமில்ல, ஆனா திரும்பி வரும்ண்ணு தெரிஞ்சே போடணும். அம்மைக்கு வயசு 71, அவளுக்க கையெழுத்துதான் வேணும், பேப்பரைக் காட்டினா “இனியும் உண்டாலே?”ண்ணு கேப்பா.

வர்மக்களரி:
மதுரை இல்ல, ஆர்டர் போட்ட கவுன்சில் எந்த மாநிலமோ அந்த ஹைகோர்ட்டு.

களியக்காவிளை வக்கீல்:
வர்மக்காரரு ரிட்டும் கட்டுவாரா இனி? கடுதாசி கிட்டின இடத்துலயும் வழக்குக் காரணம் உண்டு, அரசியல் சட்டம் 226(2) படியுங்க.

வர்மக்களரி:
நான் படிச்சுத்தான் சொல்லுகேன். 2018-ல எங்க கேஸுக்கு எத்தனை வக்கீலைப் பாத்தோம்ண்ணு உங்களுக்குத் தெரியாது.

விளவங்கோடன்:
எந்தக் கோர்ட்டுண்ணு பொறவு பாக்கலாம். 8.8-ஐ நம்பச் சொன்னவங்க கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குகேன். 2020-க்குப் பொறவு புகார் குடுத்த ஒரு தீனக்காரனுக்க அப்பீலை எடுத்து விசாரிச்ச ஒரு ஆர்டர், பேரை மறைச்சு இஞ்ச போடுங்க. நான் நாளைக்கும் வந்து கேப்பேன்.